மீட்டர் சரியாக ஓடுகிறதா? வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் வழி

(மஹல்லா குடும்பங்களுக்கான நலக் கூட்டத்தில் நமது அறக்கட்டளையின் செயலாளர் ஆற்றிய உரை)



மஃரிப் தொழுகை முடிந்த கையோடு வீட்டு வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் வருகையை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவி, மருத்துவ உதவி, அரசுத் திட்டங்கள் பற்றிப் பேசுவோம். இன்று மின்சார மீட்டரைப் பற்றிப் பேசப் போகிறோம். அறக்கட்டளைக்கும் மீட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. முன்பெல்லாம் நம் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் பள்ளிக் கட்டணமும் மருந்துச் சீட்டும் இருக்கும். இப்போது அவற்றோடு கரண்ட் பில்லும் சேர்ந்து வருகிறது. "மீட்டர் வேகமாக ஓடுகிறது, எங்களால் கட்ட முடியவில்லை, நீங்கள் கட்டிக் கொடுங்கள்" என்கிறார்கள்.

நம் கையில் இருப்பது ஜகாத்தும் ஸதகாவும். அது அமானிதம். பில் தவறாக வந்திருந்தால், அதை நாம் கட்டிக் கொடுப்பதால் அந்தக் குடும்பத்தின் கஷ்டம் தீராது. அடுத்த இரண்டு மாதம் கழித்து அதே தவறு மறுபடியும் வரும். பில் சரியாகவே வந்திருந்தால், மீட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் வீட்டுக்குள் எங்கோ மின்சாரம் வீணாகிக்கொண்டிருக்கும். இரண்டில் எது என்று தெரியாமல் கொடுக்கும் பணம் யாருக்கும் பயன்படாது. சந்தேகத்தை வைத்து ஒருவரைக் குற்றம் சொல்லவும் கூடாது. சந்தேகத்தோடு பணத்தை இழந்துகொண்டிருக்கவும் கூடாது. அளந்து பார்ப்பதுதான் வழி.

ஸ்மார்ட் மீட்டர் என்றால் என்ன?

நம் வாப்பா காலத்து மீட்டரில் ஒரு அலுமினியத் தட்டு சுற்றும். பிறகு எண்கள் தெரியும் எலக்ட்ரானிக் மீட்டர் வந்தது. ஸ்மார்ட் மீட்டர் அதற்கு அடுத்த படி. மின்சாரத்தை அளக்கும் பகுதி எலக்ட்ரானிக் மீட்டரில் இருப்பது போன்றதுதான். கூடுதலாக, எடுத்த அளவைத் தானே அலுவலகத்துக்கு அனுப்பும் கருவி அதற்குள் இருக்கிறது. இணைப்பைத் தூரத்திலிருந்தே துண்டிக்கவும் திரும்பக் கொடுக்கவும் முடியும். தமிழ்நாட்டில் இது முதலில் சென்னை தியாகராய நகர்ப் பகுதியில் சோதனை முறையில் பொருத்தப்பட்டது. தகவல் அனுப்பும் பகுதி பழுதானாலும், அளக்கும் பகுதி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அதனால் "சிக்னல் இல்லாததால் பில் ஏறிவிட்டது" என்று சொல்வது பொருந்தாது.

இந்த மீட்டருக்கு ஐ.எஸ். 16444 என்ற இந்தியத் தர அளவு உண்டு. வீடுகளுக்கு வருவது பொதுவாகத் தர வகுப்பு 1. அதாவது, சோதனைக் கூடத்தில் குறிப்பிட்ட நிலைகளில் அளந்தால் 100 யூனிட்டுக்கு ஒரு யூனிட் கூடலாம் அல்லது குறையலாம். அதற்கு மேல் போகக்கூடாது.

"பழைய மீட்டரில் குறைவாக வந்தது, புதியதில் கூடிவிட்டது" என்று பலர் சொல்கிறார்கள். சில வீடுகளில் இது உண்மைதான். ஆனால் அதற்குப் புது மீட்டர் தவறு என்பது மட்டுமே காரணம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. தட்டு சுற்றும் மீட்டர் வயதாக ஆகத் தேய்ந்து மெதுவாகும். ஒரு சின்ன விளக்கு, போன் சார்ஜர் அளவுக்கு மின்சாரம் போனால் அந்தத் தட்டு நகராமலே இருக்கும். எலக்ட்ரானிக் மீட்டர் அந்தச் சின்ன அளவையும் எண்ணும். இத்தனை நாள் விட்டுப்போனது இப்போது கணக்கில் வருகிறது.

2009-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பேக்கர்ஸ்ஃபீல்டு பகுதி மக்கள் இதே புகாரை எழுப்பினார்கள். மாநில ஒழுங்குமுறை ஆணையம் வெளியாரைக் கொண்டு மீட்டர்களைச் சோதிக்க வைத்தது. 2010-ல் வந்த அறிக்கை, மீட்டர்கள் சரியாகவே அளந்தன என்றது. அந்த ஆண்டின் கடும் வெயிலும், கட்டண உயர்வும், வந்த புகார்களுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாததும்தான் காரணங்கள் என்று கண்டது.

அதற்காக ஸ்மார்ட் மீட்டர் தவறே செய்யாது என்றும் நாம் சொல்லவில்லை. நெதர்லாந்தில் ட்வெண்டே பல்கலைக்கழகத்தார் 2017-ல் 9 எலக்ட்ரானிக் மீட்டர்களைச் சோதித்தபோது 5 மீட்டர்கள் கூடுதலாகக் காட்டின. அதில் ஒன்று உண்மை அளவைவிட 582 சதவீதம் வரை அதிகம் காட்டியது. சில மீட்டர்கள் குறைவாகவும் காட்டின. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரோடு மின்சேமிப்பு விளக்குகளைப் பொருத்திச் செய்த, ஆய்வுக்கூடத்துக்கே உரிய சோதனை அது. சாதாரண வீட்டு நிலை அப்படி இருப்பதில்லை. ஆனாலும் கருவி என்று இருந்தால் தவறும் வரலாம் என்பதற்கு அது சாட்சி. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு பழிக்கவும் வேண்டாம்.

முதல் சோதனை: நிறுத்திப் பார்ப்பது

இதற்குப் பணம் தேவையில்லை. கால் மணி நேரம் போதும். மீட்டரின் முகப்பில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். அதன் அருகில் 3200 அல்லது 1600 போன்ற ஒரு எண் அச்சிட்டிருக்கும். அந்த விளக்கு அத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று பொருள். வேறு விளக்குகளும் இருக்கலாம். எண் அச்சிட்ட விளக்கை மட்டும் பாருங்கள்.

வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். உலர்ந்த கையோடு, காலில் செருப்போடு, பெரியவர் ஒருவர் செய்ய வேண்டும். வீட்டில் ஆக்சிஜன் கருவியில் நோயாளி இருந்தால் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயினை அணைத்த பிறகும் மின்விசிறி ஓடும். அது பேட்டரியில் ஓடுவது, பயப்பட வேண்டாம். இப்போது கால் மணி நேரம் அந்த விளக்கைப் பாருங்கள். அது சிமிட்டக் கூடாது. ஒரேயடியாக எரிந்துகொண்டிருந்தாலும் அணைந்தே இருந்தாலும் சரி, சிமிட்டாமல் இருக்க வேண்டும். எண்ணும் ஏறக்கூடாது.

மெயினை அணைத்த பிறகும் சிமிட்டினால் சில காரணங்கள் இருக்கலாம். மீட்டருக்கும் உங்கள் மெயினுக்கும் நடுவில் யாரோ வயர் எடுத்திருக்கலாம். உங்கள் நியூட்ரல் வயர் பக்கத்து வீட்டோடு கலந்திருக்கலாம். மீட்டரே பழுதாகியிருக்கலாம். இன்னொன்று, அது உங்கள் மீட்டராகவே இல்லாமல் இருக்கலாம்.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். நம் மஹல்லாவில் நடந்த விஷயம் இது. மாடிக் கட்டடத்தில் ஒரே பலகையில் நான்கு மீட்டர்கள். கீழ் வீட்டில் கணவரை இழந்த ஒரு சகோதரி இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார். இரண்டு மின்விசிறி, மூன்று விளக்கு, ஒரு பழைய டிவி, அவ்வளவுதான். ஏசி இருக்கும் வீட்டுக்கு வருவது போல் பில் வந்தது. உதவி கேட்டு மனு கொடுத்தார். பணம் கொடுக்கும் முன்பு நம் இளைஞர்கள் இருவர் போய் மெயினை அணைத்துப் பார்த்தார்கள். அவர் பெயரில் உள்ள மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த மீட்டர் நின்றுவிட்டது. கட்டடத்துக்கு வர்ணம் பூசியபோது பலகையைக் கழற்றி மாட்டியவர்கள், வீட்டுக்குள் போகும் வயர்களை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். மாடி வீட்டு ஏசிக்கு அந்தச் சகோதரி பணம் கட்டிக்கொண்டிருந்தார். மாடி வீட்டார் வேண்டுமென்று செய்யவில்லை, அவர்களுக்கும் தெரியாது. மின் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து வயர்கள் சரிசெய்யப்பட்டன. பழைய பில்களைப் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்து, கூடுதலாகப் போன தொகையை மாடி வீட்டார் தாமாகவே முன்வந்து நான்கு தவணையில் கொடுத்தார்கள். மீட்டரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தச் சகோதரியின் பணம் போய்க்கொண்டிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், கால் மணி நேரச் சோதனையில் அது தெரிந்தது.

இரண்டாவது சோதனை: மறைந்து ஓடும் மின்சாரம்

இப்போது மெயினைப் போடுங்கள். ஆனால் வீட்டில் எல்லா சுவிட்சுகளையும் அணைத்து, ஃபிரிட்ஜ், டிவி, செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர், மோட்டார், சார்ஜர் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். விளக்கு சிமிட்டுகிறதா? சிமிட்டினால் எங்கோ மின்சாரம் போகிறது. மின்பலகையில் உள்ள சின்ன சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்ததும் நிற்கிறதோ, அந்த வழியில்தான் கோளாறு.

பெரும்பாலும் ஈரம் ஊறிய சுவரில் போகும் வயர், பழுதான வாட்டர் ஹீட்டர், தரைக்கடியில் போகும் மோட்டார் கேபிள் ஆகியவற்றில் கசிவு இருக்கும். இப்போது வரும் மீட்டர்கள் போகும் வயரிலும் திரும்பும் வயரிலும் ஓடும் மின்சாரத்தை அளந்து, எது அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கும் விதத்தில் அமைந்தவை. மண்ணுக்குள் கசிவதும் அதனால் கணக்கில் வந்துவிடும். 100 வாட் அளவுக்குக் கசிந்தால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட், 60 நாளில் 144 யூனிட். பணம் போவதைவிடப் பெரிய விஷயம், அது உயிருக்கு ஆபத்து. ஒளூச் செய்யும் குழாயில் கை வைத்ததும் சுரீர் என்று அடித்தது என்று யாராவது சொன்னால் அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டுச் சரிசெய்யுங்கள். கசிவு வந்தால் தானே அணையும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்சைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சோதனை: தெரிந்த சுமையைக் கொண்டு அளப்பது

மீட்டர் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கிறது. ஓடும்போது சரியான வேகத்தில் ஓடுகிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

1000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். தண்ணீர் சுட வைக்கும் 1000 வாட் ஹீட்டர் கம்பி இதற்கு நல்லது. இஸ்திரிப் பெட்டி வேண்டாம். சூடேறியதும் தானே அணைந்து அணைந்து எரியும், கணக்கு வராது. கம்பியை வாளித் தண்ணீரில் முழுகவிட்ட பிறகே சுவிட்சைப் போடுங்கள். அணைத்து பிளக்கை எடுக்கும் வரை தண்ணீரில் கை வைக்கக் கூடாது. பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

வீட்டில் மற்ற எல்லாம் அணைந்திருக்க, கம்பி மட்டும் ஓடும்போது மீட்டர் விளக்கு 100 முறை சிமிட்ட எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் உள்ள நேரமானியில் பாருங்கள். 3200 என்று அச்சிட்ட மீட்டரில் ஏறக்குறைய 112 விநாடி ஆக வேண்டும். 1600 என்று அச்சிட்ட மீட்டரில் 225 விநாடி. வேறு எண் இருந்தால் 36 கோடியை அந்த எண்ணால் வகுத்து, வந்த விடையை வாட் அளவால் வகுத்தால் விநாடி கிடைக்கும். நம் பிள்ளைகள் போனில் போட்டுப் பார்த்துவிடுவார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. கம்பியில் 1000 வாட் என்று எழுதியிருப்பது 230 வோல்ட் வரும்போது. நம் தெருக்களில் மாலை நேரத்தில் 210 வோல்ட்தான் வரும். அப்போது அந்தக் கம்பி இழுப்பது சுமார் 834 வாட் மட்டுமே. 112 விநாடிக்குப் பதில் 135 விநாடி ஆகும். அதைப் பார்த்துவிட்டு மீட்டர் மெதுவாக ஓடுகிறது என்று சந்தோஷப்பட வேண்டாம். வோல்டேஜ் கூடுதலாக வந்தால் விநாடி குறையும். அதைப் பார்த்து மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று சண்டைக்கும் போக வேண்டாம். மீட்டரில் உள்ள பட்டனை அழுத்தினால் அந்த நேரத்து வோல்டேஜ் தெரியும்.

இந்தக் குழப்பம் வராமலிருக்க நம் அறக்கட்டளையில் பிளக்கில் செருகும் வாட் மீட்டர் இரண்டு வாங்கி வைத்திருக்கிறோம். ஹீட்டர் கம்பியை அதில் செருகி, அதைச் சுவரில் செருகினால் அந்த நொடியில் எத்தனை வாட் ஓடுகிறது என்று அதுவே காட்டும். அந்த வாட் அளவைப் போட்டுக் கணக்குப் பார்த்தால் போதும். கணக்கில் வரும் விநாடியும் மீட்டரில் பார்த்த விநாடியும் கொஞ்சம் முன்பின் இருந்தால் அது நம் கருவியின் குறையாகவும் இருக்கலாம். அதை வைத்துப் புகார் எழுத வேண்டாம். மீட்டர் கால் பங்கு, அரைப் பங்கு என்று பெரிய அளவில் வேகமாக ஓடினால் வேறொரு நாள் மறுபடி செய்து பாருங்கள். இரண்டு முறையும் அப்படியே வந்தால் புகாருக்கு இடம் இருக்கிறது.

பில்லைப் படிப்பது

பல வீடுகளில் மீட்டர் சரி, கசிவும் இல்லை. பில்லில்தான் விஷயம் இருக்கும். மீட்டரின் திரையில் பல எண்கள் மாறி மாறி வரும். வோல்டேஜ் வரும், ஆம்பியர் வரும், தேதி வரும். கே, டபிள்யூ, ஹெச் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு வரும் மொத்த எண்தான் யூனிட். கணக்கெடுத்த அன்று அந்த எண்ணை போனில் படம் எடுத்து வையுங்கள். ஸ்மார்ட் மீட்டர் வந்த வீட்டில் ஆள் வரமாட்டார். அதனால் மாதத்தின் முதல் நாள் என்று ஒரு தேதியை வைத்துக்கொண்டு படம் எடுங்கள். பில்லில் உள்ள எண்ணும் படத்தில் உள்ள எண்ணும் ஒத்துவருகின்றனவா, மின் இணைப்பு எண்ணும் மீட்டரின் எண்ணும் நம்முடையவைதானா என்று பாருங்கள்.

அடுத்து, எத்தனை நாளுக்கான கணக்கு என்று பாருங்கள். ஒரு உதாரணம் சொல்கிறோம். ஒரு வீட்டில் தினமும் 8 யூனிட் ஆகிறது. 60 நாளில் எடுத்தால் 480 யூனிட். ஐந்து நாள் தாமதமாக, 65-ஆம் நாள் எடுத்தால் 520 யூனிட். 500-ஐத் தாண்டிவிட்டது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தின்படி 480 யூனிட்டுக்கு 1605 ரூபாய். 520 யூனிட்டுக்கு 2110 ரூபாய். 40 யூனிட்டுக்கு 505 ரூபாய் வித்தியாசம். 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 யூனிட் வரைக்கான குறைந்த விலை போய்விடுவதுதான் காரணம். அதன் பிறகு விகிதங்கள் மாறியிருக்கின்றன. ஆனால் பாடம் ஒன்றுதான். பில் திடீரென்று ஏறினால், ஏறியது யூனிட்டா, நாளா, விலையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பணத்தை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒன்றாகவே தெரியும்.

வீட்டின் பழக்கத்தையும் பாருங்கள். ரமலானில் ஸஹருக்கும் தராவீஹுக்கும் விளக்கும் விசிறியும் கூடுதல் நேரம் ஓடும். பெருநாளுக்கு வெளியூர் பிள்ளைகள் வந்து தங்குவார்கள். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். மேல்தொட்டியின் மிதவை பழுதாகி, மோட்டார் தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓடினால் 60 நாளில் 120 யூனிட். தண்ணீரும் வீண், மின்சாரமும் வீண். வீண்விரயம் செய்யாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். மேல்தொட்டி நிரம்பி வழிவதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புகார் கொடுப்பது எப்படி?

எல்லாம் பார்த்த பிறகும் மீட்டர் மேல்தான் சந்தேகம் என்றால் சண்டை போட வேண்டாம், வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வரவும் வேண்டாம். உங்கள் பகுதிப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள். இணைப்பு எண், பழைய பில்கள், எடுத்த படங்கள், சோதனை செய்த தேதி ஆகியவற்றை எழுதுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். மின்னகம் என்ற 94987 94987 எண்ணிலும் புகாரைப் பதிவு செய்து, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் நமக்குத் தரும் உரிமைகள் சிலவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 55-ன்படி சரியான மீட்டர் வழியாகத்தான் மின்சாரம் கொடுக்கப்பட வேண்டும். மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகள் 2020-ல் வந்தன. அவற்றில் 2024 பிப்ரவரியில் செய்த திருத்தத்தின்படி, மீட்டர் காட்டுவது எங்கள் உபயோகத்தோடு பொருந்தவில்லை என்று நுகர்வோர் புகார் கொடுத்தால், புகார் கிடைத்த ஐந்து நாளுக்குள் பக்கத்தில் இன்னொரு மீட்டர் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கையில் இந்த விதி இருக்கும்போது நாம் குரலை உயர்த்த வேண்டியதில்லை. மனுவில் இந்த விதியைக் குறிப்பிட்டால் போதும்.

"பில் தவறு, அதனால் கட்டமாட்டேன்" என்று இருந்துவிடாதீர்கள். இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். அதற்கும் வழி இருக்கிறது. பிரிவு 56-ன்படி, எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டு, கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரி, இதில் எது குறைவோ அதைச் செலுத்தினால் தகராறு முடியும் வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. துண்டிப்பதாக இருந்தாலும் 15 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் தர வேண்டும். அலுவலகத்தில் தீரவில்லை என்றால் மின் பகிர்மான வட்டத்தில் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அங்கும் தீரவில்லை என்றால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

நம் பக்கமும் நேராக இருக்க வேண்டும்

கடைசியாக ஒரு விஷயம். இது கொஞ்சம் கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரில் காந்தம் வைப்பது, சீலை உடைப்பது, மீட்டருக்கு முன்னாலேயே வயர் இழுப்பது, இவையெல்லாம் திருட்டு. பிரிவு 135-ன்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. புது மீட்டர்கள் இப்படிப்பட்ட கைவேலைகளைத் தேதியோடு பதிவு செய்துகொள்கின்றன. மாட்டிக்கொள்வோம் என்பதற்காகச் சொல்லவில்லை. மாட்டிக்கொள்ளாவிட்டாலும் அது ஹராம். அந்த விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைகள் குர்ஆன் ஓதினால் நம் மனம் எப்படி நிம்மதியாக இருக்கும்?

இன்னொன்று, வாடகைக்கு விடும் சகோதரர்களுக்கு. பல வீடுகளில் குடியிருப்பவர்களுக்குத் தனி இணைப்பு இல்லை; கடையில் வாங்கிய சப் மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறோம். அந்த சப் மீட்டரை யாராவது சோதித்தோமா? ஈ.பி. மீட்டர் ஒரு யூனிட் கூடினால் கேள்வி கேட்கும் நாம், குடியிருக்கும் ஏழைக்கு மாட்டிய மீட்டரை ஒரு முறையாவது பார்த்தோமா? அரசு தரும் இலவச யூனிட்டின் பலனை அவருக்கும் பங்கிட்டோமா, அல்லது முழுவதையும் நாமே வைத்துக்கொண்டோமா? அளவில் மோசடி செய்பவர்களின் பெயரால் ஒரு சூராவே குர்ஆனில் இருக்கிறது, 83-ஆவது சூரா. மதரஸாவில் ஓதும் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். அது கடைத் தராசுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். வாங்கும்போது ஒரு அளவும் கொடுக்கும்போது ஒரு அளவும் வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். இன்று சொன்ன சோதனைகளை சப் மீட்டருக்கும் செய்யுங்கள். குடியிருப்பவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு செய்யுங்கள். இரு தரப்புக்கும் சந்தேகம் தீரும்.

நம் ஏற்பாடு இதுதான். வாட் மீட்டர் வேண்டியவர்கள் அலுவலகத்தில் பெயர் எழுதிவிட்டு மூன்று நாளுக்கு வாங்கிப் போகலாம், கட்டணம் இல்லை. தனியாக இருக்கும் தாய்மார்களுக்கும் முதியவர்களுக்கும் நம் இளைஞர்கள் வீட்டுக்கு வந்து சோதித்துக் கொடுப்பார்கள். மஹ்ரம் யாராவது வீட்டில் இருக்கும் நேரத்தைச் சொல்லுங்கள். மீட்டர் பெட்டியைத் திறக்கவோ சீலைத் தொடவோ அவர்களுக்கு அனுமதி இல்லை. நீங்களும் கேட்க வேண்டாம். கரண்ட் பில்லுக்கு உதவி கேட்டு வரும் மனுக்களோடு கடைசி மூன்று பில்களையும், முதல் இரண்டு சோதனையின் முடிவையும் இனிமேல் இணைக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு அலுவலகத்தில் எழுதிக் கொடுப்போம். சோதனை முடிய நாளாகும், அதற்குள் துண்டித்துவிடுவார்கள் என்ற நிலையில் இருப்பவர்கள் தயங்காமல் உடனே வாருங்கள். அவர்களை இருட்டில் விட்டுவிட்டுக் கணக்குக் கேட்கும் எண்ணம் நமக்கு இல்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் இரவு உணவுக்கு முன் ஒரு கால் மணி நேரம் மெயினை அணைத்துவிட்டு அந்தச் சிவப்பு விளக்கைப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட நிறுத்திக்கொள்ளுங்கள். அளவு என்றால் என்ன என்பதை அவர்களும் கற்றுக்கொள்ளட்டும். முடிவை நாளை ஜுஹருக்குப் பிறகு அலுவலகத்தில் வந்து சொல்லுங்கள்.

நம் சம்பாத்தியத்தில் ஹலாலையும் பரக்கத்தையும், நாம் கொடுப்பதிலும் வாங்குவதிலும் நேர்மையையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.